எண்ணும்மையின் விலை: ஒரே ஆட்டத்தில் பல பந்தயங்களை இணைத்ததன் வரலாறு

நீண்ட பதிவு இது. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

சென்ற பருவத் தேர்வு முடிந்த மறுநாள், எங்கள் வளாகத் தேநீர்க் கடையில் முதுகலை பயிலும் தம்பி ஒருவர் மடிக்கணினியைத் திறந்து என் முன் வைத்தார். “அக்கா, நீங்கள் நிகழ்தகவு அறிந்தவர். இந்த உத்தி சரியா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். திரையில் எக்செல் அட்டவணை ஒன்று இருந்தது. ஒரே இருபது ஓவர் ஆட்டத்தில் நான்கு பந்தயங்கள்: இன்ன அணி வெல்லும், அதன் தொடக்க ஆட்டக்காரர் அரைச்சதம் அடிப்பார், முதல் 6 ஓவர்களில் 50 ரன்களைத் தாண்டும், மொத்தச் சிக்ஸர்கள் 12க்கு மேல் போகும். நான்கும் நிகழ்ந்தால்தான் பணம். ஒன்று பொய்த்தாலும் கட்டியது போயிற்று. வெளிநாட்டிலிருந்து இயங்கும் தளமொன்றில் இரண்டு மாத உதவித்தொகையை அவர் ஏற்கெனவே இழந்திருந்தார். மூன்றாம் மாதத்துக்குரியதைக் கடனாகப் பெற்றிருந்தார்.

அவரது வாதம் பேதைமையானது அன்று. “நான்கு வெவ்வேறு ஆட்டங்களைக் கணிப்பதைவிட ஓர் ஆட்டத்தை ஆழ்ந்து கணிப்பது எளிது. அதோடு, இந்த நான்கும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருபவை. முதல் ஆறு ஓவரில் ரன் குவிந்தால் தொடக்க ஆட்டக்காரர் அரைச்சதம் அடிக்கும் வாய்ப்பு கூடும், அவர் அடித்தால் அணி வெல்லும் வாய்ப்பு கூடும்” என்றார். அன்று அவருக்கு நான் முழுமையாக விடை சொல்லவில்லை. இப்பதிவு அந்த விடையின் விரிவு.

மொழியியல் மாணவி என்பதால் என் கண்ணில் முதலில் பட்டது அவர் இணைத்த பந்தயங்கள் அல்ல, அவற்றை இணைத்த உருபு. ‘அணியும் வெல்லும், இவரும் அடிப்பார், ஓட்டங்களும் குவியும்’. தொல்காப்பியத்தின் இடையியல் ‘உம்’ என்னும் இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள்களைத் தருகிறது. அவற்றுள் ஒன்று எண். எண்ணும்மை பொருள்களை வரிசையில் நிறுத்தும். அவற்றுக்கு இடையே உறவு உண்டா, இல்லையா என்று அது சொல்லாது. ‘மழையும் வந்தது, குடையும் விற்றது’ என்பதிலும், ‘மழையும் வந்தது, மாமாவும் வந்தார்’ என்பதிலும் உம்மை ஒன்றுதான். ஆனால் பந்தயம் விற்பவருக்கு இவ்விரு உம்மைகளின் விலை ஒன்றாக இருக்க முடியாது. இணைப்புப் பந்தயத்தின் வரலாறு என்பது, இந்த உம்மைக்கு யார் விலை வைத்தார்கள், எப்படி வைத்தார்கள் என்பதன் வரலாறே.

பல நிகழ்ச்சிகள் ஒருங்கே நிகழும் வாய்ப்பை எப்படிக் கணக்கிடுவது என்பதில் அறிஞர்களும் இடறியிருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டின் இத்தாலிய மருத்துவரும் கணித அறிஞருமான கார்டானோ, பகடை ஆட்டம் பற்றிய தம் நூலில், முதலில் தவறான விதியைக் கூறி, பிறகு அது பொருந்தாமையைக் கண்டு தம்மையே திருத்திக்கொள்கிறார். நூல் அச்சேறியதோ அவர் மறைந்து நெடுங்காலத்துக்குப் பின், 1663இல். 1718இல் லண்டனில் வெளியான டெ மொவாவ்ரின் நூலும் அதன் பிந்தைய பதிப்புகளும் விதியைத் தெளிவாக்கின: ஒன்றையொன்று பாதிக்காத இரு நிகழ்ச்சிகளின் நிகழ்தகவுகளைப் பெருக்கலாம், ஒன்று நிகழ்வதால் மற்றதன் வாய்ப்பு மாறுமாயின் அப்படியே பெருக்கலாகாது.

இணைப்புப் பந்தயத்தை அமெரிக்கர் ‘பார்லே’ என்பர். அது ‘பரோலி’ என்ற பழைய சூதாட்டச் சொல்லின் திரிபு. பிரெஞ்சு வழியாக இத்தாலியத்திலிருந்து வந்தது. சீட்டாட்டத்தில் வென்ற பணத்தை எடுக்காமல், கட்டிய பணத்தோடு சேர்த்து அடுத்த சுற்றுக்கும் விட்டுவைப்பதே பரோலி. அடுத்தடுத்த சுற்றுகளே இணைந்தன. அதாவது, அந்தச் சொல் பிறந்த இடத்தில் உம்மை ‘மழையும் மாமாவும்’ வகைக்கு நெருக்கமானது.

சார்புள்ள நிகழ்ச்சிகளின் கணிதம் முறையாக விரிந்ததில் எங்கள் துறைக்கும் ஒரு பங்கு உண்டு. 1913இல் ருஷ்யக் கணித அறிஞர் மார்க்கோவ், புஷ்கினின் ‘எவ்கேனி ஒனேகின்’ காவியத்திலிருந்து முதல் 20,000 எழுத்துகளை எடுத்து, உயிர், மெய் என்று கையால் எண்ணினார். உயிரெழுத்து வரும் வாய்ப்பு 0.432. இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து வரும் வாய்ப்பைப் பெருக்கிக் கண்டால் ஏறத்தாழ 0.187 வர வேண்டும். ஆனால் ஓர் உயிரை அடுத்து மற்றோர் உயிர் வரும் வாய்ப்பு 0.128 மட்டுமே; ஆகவே உண்மை விடை 0.055 அளவே. பெருக்கல் மும்மடங்குக்கும் மேலாகப் பிழைத்துவிட்டது. இன்று மொழியியலில் சொற்சேர்க்கைகளைக் கண்டறிய நாங்கள் செய்வதும் இதே ஒப்பீடுதான்: இரு சொற்கள் சேர்ந்து வரும் உண்மை எண்ணிக்கை, பெருக்கினால் வரும் எண்ணிக்கையிலிருந்து எவ்வளவு விலகுகிறது? அந்த விலகலில்தான் உறவு ஒளிந்திருக்கிறது. தம்பியின் அட்டவணையும் தன்னையறியாமல் இதைத்தான் தேடிக்கொண்டிருந்தது.

இந்தியாவுக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவின் படா பஜாரில் மழைமீது பந்தயம் கட்டினார்கள். குறித்த நேரத்துக்குள் கூரைநீர் வழியுமா, வழியாதா என்பதே கேள்வி. 1897இல் வங்க அரசு அதைச் சட்டத்தால் தடுத்தது. பம்பாயில் பருத்தி விலை பந்தயப் பொருளாயிற்று. நியூயார்க்கிலிருந்து தந்தியில் வரும் தொடக்க விலை, முடிவு விலை ஆகியவற்றின்மீது கட்டும் இந்தச் சூதுக்கு ‘ஆங்க்டா’ என்று பெயர். எண்கள் என்பது பொருள். பம்பாயின் 1887ஆம் ஆண்டுச் சூதாட்டத் தடைச் சட்டம், பிற்காலத் திருத்தங்களுடன், பருத்தி விலையை ஒரு தனிப் பொருளாகவும், அவ்விலையைக் குறிக்கும் எண்ணின் இலக்கங்களை வேறொரு பொருளாகவும் பிரித்துப் பெயரிடுகிறது. அந்தப் பிரிப்பு கூர்மையானது. தொடக்க விலைக்கும் முடிவு விலைக்கும் நெருங்கிய உறவு உண்டு. காலையில் உயர்ந்த விலையில் தொடங்கியது மாலையில் பாதாளத்துக்குப் போவது அரிது. ஆனால் இரு விலைகளின் கடைசி இலக்கங்களுக்கு இடையே சொல்லத்தக்க உறவு இல்லை. விலையை விட்டு இலக்கத்தைப் பிடித்தவுடன் பருத்தி வணிகரின் அறிவும் ஆலைத் தொழிலாளியின் அறியாமையும் சமமாகிவிடுகின்றன.

1960களின் தொடக்கத்தில் நியூயார்க்கிலிருந்து பருத்தி எண்கள் வருவது நின்றபோது, எண்களை உள்ளூரிலேயே உண்டாக்கினார்கள். 1962இல் கல்யாண்ஜி பகத் ஒர்லியில் தொடங்கியதும், 1964இல் ரத்தன் கத்ரி தொடங்கியதுமே மும்பையின் புகழ்பெற்ற மட்கா ஆட்டங்கள். மட்கா என்றால் பானை. தொடக்கத்தில் சீட்டுகளைப் பானையிலிட்டு எடுத்தனர். பிறகு விளையாட்டுச் சீட்டுக்கட்டிலிருந்து மூன்று எண்கள். மூன்றையும் கூட்டினால் வரும் கடைசி இலக்கமே ‘ஓப்பன்’. பின்னர் அதேபோல் எடுப்பது ‘குளோஸ்’. சீட்டெடுப்பு நேர்மையாக நடந்தால் எந்த இலக்கத்துக்கும் சலுகை இல்லை: மூன்று எண்களின் சேர்க்கைகள் மொத்தம் 220, ஒவ்வோர் இலக்கத்துக்கும் சரியாக 22.

ஓப்பனையும் குளோஸையும் இணைத்து ஒரே ஆட்டத்தில் கட்டும் பந்தயத்துக்கு ‘ஜோடி’ என்று பெயர். இந்தியத் தெருக்களில் கோடிக்கணக்கான முறை கட்டப்பட்ட ‘ஒரே ஆட்ட இணைப்பு’ இதுவே. இதன் விலையைக் கவனியுங்கள். வழக்கிலிருந்ததாகப் பரவலாகச் சொல்லப்படும் விகிதப்படி, தனி இலக்கத்துக்கு ரூபாய்க்கு 9. ஜோடிக்கு ரூபாய்க்கு 90. தனி இலக்கம் பத்தில் ஒரு வாய்ப்பு. ஆகவே ரூபாய்க்குச் சராசரியாகத் திரும்புவது 90 காசு. ஜோடி நூற்றில் ஒரு வாய்ப்பு. திரும்புவது அதே 90 காசு. ஒருவர் தாமே ஓப்பனில் வென்ற 9 ரூபாயைக் குளோஸில் மறுபடி கட்டினால் கிடைப்பது 81 ரூபாய்தான். சராசரி 81 காசாகக் குறைந்துவிடும். அதாவது ஜோடியில் மட்காக்காரர் தம் பங்கை ஒருமுறை மட்டுமே எடுத்தார். இணைப்புக்குத் தனிக் கூலி இல்லை. விலையோ எவரும் விரல்விட்டுச் சரிபார்க்கக்கூடியது. மட்காவைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் அது நாள்தோறும் பத்தில் ஒரு பங்கை உறிஞ்சியது. எண்ணை எடுப்பவரே பணமும் கட்டப்பெறுவதால் ஏமாற்றுக்கும் இடமிருந்தது. ஆனால் உம்மையின் விலை அங்கே வெளிப்படையாக இருந்தது.

கிரிக்கெட் பந்தயத்தில் இந்த வெளிப்படைத்தன்மைக்கு வழியில்லை. இந்திய புக்கிகளின் வழக்கில் ஓர் அணிமீது கட்டுவது ‘லகானா’, வைத்தல். எதிராகக் கட்டுவது ‘கானா’, உண்ணுதல். குறித்த ஓவர்களுக்குள் எத்தனை ரன் வரும் என்பதன்மீது கட்டுவது ‘செஷன்’. வெற்றி தோல்வி என்ற ஒற்றை முடிவாக இருந்த ஆட்டம் இவ்வாறு பல துண்டுகளாக வெட்டப்பட்டது. ஒரு துண்டை மட்டும் விலைக்கு வாங்குவது முழு ஆட்டத்தை வாங்குவதைவிட எளிது என்பதை 2010இல் லார்ட்ஸ் மைதானத்தில் திட்டமிட்டு வீசப்பட்ட நோ-பால்களும், 2013இன் ஐ.பி.எல். விவகாரமும் காட்டின.

வெட்டிய துண்டுகளை மறுபடி ஒன்றாகத் தைத்து விற்க நெடுங்காலம் எவரும் துணியவில்லை. பிரிட்டனின் பந்தயக் கடைகள் வெவ்வேறு ஆட்டங்களை எத்தனை வேண்டுமானாலும் இணைக்க அனுமதித்தன; ஒன்றையொன்று சார்ந்த முடிவுகளைத் தனி விலைகளைப் பெருக்கி இணைக்க மட்டும் அவற்றின் விதிகள் மறுத்தன. காரணத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. 100 ஆட்டங்களில் ஓர் அணி 50இல் வெல்கிறது. அதன் தொடக்க ஆட்டக்காரர் 30இல் அரைச்சதம் அடிக்கிறார். அவர் அடித்த அந்த 30இல் அணி 21இல் வெல்கிறது. பெருக்கினால் இரண்டும் சேர்ந்து நிகழ்வது 15 முறை. உண்மையில் 21 முறை. பெருக்கலை நம்பி ரூபாய்க்கு 6.67 கொடுக்கும் கடைக்காரரிடம் ஒவ்வோர் ஆட்டத்திலும் 100 ரூபாய் கட்டினால், 10,000 ரூபாய்க்கு ஏறத்தாழ 14,000 திரும்பும். கடைக்காரர் திவாலாவார். ஆகவே அவர் விற்கவே மறுத்தார். சரியான விலை ரூபாய்க்கு 4.76. ஆனால் 21 என்ற அந்த எண்ணை ஒவ்வோர் ஆட்டத்துக்கும், ஒவ்வொரு சேர்க்கைக்கும் கண்டறிய அவரிடம் கருவி இல்லை.

கருவி வந்தது. 1940களில் லாஸ் அலமோஸில் அணுக்கரு ஆய்வுக்காக உலாமும் ஃபான் நாய்மனும் வளர்த்த, சூதாட்ட விடுதியின் பெயரையே சூடிய ‘மான்டி கார்லோ’ முறை அது: கடினமான நிகழ்தகவைச் சூத்திரத்தால் காண்பதற்கு மாறாக, நிகழ்ச்சியைக் கணினியில் பல்லாயிரம் முறை நடத்திப் பார்த்து எண்ணிவிடுவது. மலிந்த கணினியாற்றலும் பந்துக்குப் பந்து திரட்டிய தரவும் சேர்ந்தபோது, நடக்கவிருக்கும் ஆட்டத்தையே கணினிக்குள் பல்லாயிரம் முறை ஆடிப்பார்க்க முடிந்தது. வாடிக்கையாளர் எந்த நான்கைச் சேர்த்தாலும் அந்த நான்கும் ஒருங்கே நிகழ்ந்த கற்பனை ஆட்டங்களை எண்ணினால் விலை தயார். 2010களின் பிற்பகுதியில் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இத்தகைய இணைப்புகள் பரவின. அமெரிக்காவில் 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு எதிரான கூட்டாட்சிச் சட்டத்தை நீக்கியது. அடுத்த ஆண்டே ஒரே ஆட்ட இணைப்பு அங்கும் விற்பனைக்கு வந்தது. நூறாண்டுகள் மறுக்கப்பட்ட பண்டம் சில ஆண்டுகளில் முகப்புக்கு வந்ததன் பொருள், விற்பவர் தாராளமானார் என்பதன்று. 21 என்ற எண் அவர் கைக்கு வந்துவிட்டது என்பதே.

இப்போது வாங்குபவரின் இடத்தில் நின்று பாருங்கள். அதே எடுத்துக்காட்டில் தளம் இணைப்புக்கு ரூபாய்க்கு 4 தருவதாக வைத்துக்கொள்வோம். தனித்தனிப் பந்தயங்களுக்குத் தரும் விலை 1.90, 3.17, பெருக்கினால் 6.02. ஏன் 6.02க்கு மாறாக 4? சார்பு காரணமாகக் குறைந்தது எவ்வளவு, இலாபத்துக்காகக் குறைத்தது எவ்வளவு? திரை சொல்லாது. நம் கணக்கில் 4.76 வரை இறங்குவது நியாயம். மிச்சம் விற்பவரின் பங்கு. 100 ரூபாய் வீதம் 100 ஆட்டங்களில் கட்டினால் 10,000க்கு 8,400 திரும்பும். தனிப்பந்தயங்களில் 100க்கு 5 ரூபாய் இழந்தவர், இரண்டை இணைத்ததும் 16 ரூபாய் இழக்கிறார். சார்பே இல்லாத பந்தயங்களிலும் பங்கு பெருகும்: ஒவ்வொன்றிலும் 95 காசு திரும்பும் ஐந்தை இணைத்தால் திரும்புவது 77 காசு. அமெரிக்காவின் நெவாடா மாநில அரசுக் கணக்குகளில், விளையாட்டுப் பந்தயம் முழுவதிலும் கடைக்காரர் கையில் தங்குவது நெடுங்காலச் சராசரியாக 100க்கு ஏறத்தாழ 5. இணைப்புச் சீட்டுகளில் மட்டும் ஏறத்தாழ 30. மட்கா ஜோடியில் 10 என்பதை இங்கே நினைவுகூர்க.

நம் நாட்டுச் சட்டம் இப்பொருளை வேறொரு வாயிலில் அணுகியது. 1867ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்டச் சட்டம் திறனால் ஆடும் ஆட்டத்துக்கு விலக்களித்தது. 1957இன் சமர்பாக்வாலா வழக்குகள் முதல், குதிரைப் பந்தயத்தைத் திறன் ஆட்டமென ஏற்ற 1996ஆம் ஆண்டின் கே.ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்குவரை நீதிமன்றங்கள் கேட்ட கேள்வி ஒன்றே: மேலோங்கி நிற்பது திறனா, தற்செயலா? 2017இல் பஞ்சாப் - அரியானா உயர் நீதிமன்றம் ஃபேன்டசி அணி ஆட்டத்தைத் திறன் பக்கம் வைத்தது. பதினொருவரைத் தெரிந்து அவர்களது கூட்டுப் புள்ளிகளால் வெல்வதும், உற்று நோக்கினால், ஒரே ஆட்டத்தில் பலவற்றை இணைப்பதே. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம், திறனாயினும் தற்செயலாயினும் இணையவழிப் பண ஆட்டங்களை ஒட்டுமொத்தமாகத் தடுத்தது.

திறனா, தற்செயலா என்ற கேள்வி போதாது என்பதே இவ்வரலாற்றிலிருந்து நான் பெறும் முடிவு. தம்பியிடம் திறன் இருந்தது. பந்தயங்கள் ஒன்றையொன்று இழுக்கின்றன என்பதைத் தாமாகவே கண்டறிந்தவர் அவர். ஆனால் அந்த அறிவுக்கு ஊதியம் கிடைக்க வேண்டுமானால் எதிரில் இருப்பவருக்கு அது தெரியாதிருக்க வேண்டும். பெருக்கிப் பார்த்து விற்கும் கடைக்காரர் இருந்தால் மட்டுமே அது உத்தி. அப்படி ஒரு கடைக்காரர் இருந்திருந்தால் அவர் விற்றிருக்கவே மாட்டார். கேட்க வேண்டிய கேள்வி, விலையைச் சரிபார்க்கும் வழி யாரிடம் இருக்கிறது என்பது. மட்காவில் இருவரிடமும் இருந்தது. இங்கே ஒருவரிடம் மட்டுமே இருக்கிறது. தப்பித்தவறி ஒருவர் தொடர்ந்து வென்றாலும், அவர் கட்டும் தொகைக்கு வரம்பிடும் உரிமையும் அந்த ஒருவரிடமே இருக்கிறது.

அன்று தேநீர் ஆறிக்கொண்டிருக்க, அவரது அட்டவணையைப் பார்த்தேன். நான்கும் சேர்ந்து நிகழும் வாய்ப்பைப் பழைய ஆட்டங்களிலிருந்து நேர்மையாகவே எண்ணியிருந்தார். ஆனால் அதை அவர் ஒப்பிட்டது தனி விலைகளின் பெருக்கற்பலனோடு. அந்த விலையை அவருக்கு எவரும் தரவில்லை. தளம் உண்மையில் தந்த இணைப்பு விலையைப் பக்கத்துப் பத்தியில் இடச் சொன்னேன். அவர் கணக்கில் இலாபமாகத் தெரிந்த 40 வரிகளில் 37 நட்டமாக மாறின. எஞ்சிய மூன்றும் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களை மட்டும் வைத்துக் கணித்தவை. எங்கள் துறையில் அத்தனை சிறிய தரவைக்கொண்டு ஒரு சொற்சேர்க்கையைக்கூட நிறுவ மாட்டோம்.

நெடுநேரம் திரையைப் பார்த்திருந்தார். “அப்படியானால் நான் கண்டுபிடித்தது தவறில்லை, அவர்கள் முன்னரே கண்டுபிடித்துவிட்டார்கள், அவ்வளவுதானே அக்கா?” என்றார். ஆம் என்றேன். கடன் தந்த நண்பருக்கு அன்றிரவே பாதியைத் திருப்பினார். மீதிக்கு வீட்டில் அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிட்டதாகப் பிறகு தெரிவித்தார். அந்த அட்டவணையை அழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சார்புள்ள நிகழ்ச்சிகளைப் பற்றி அடுத்த பருவத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு வகுப்பெடுக்க நேர்ந்தால், மார்க்கோவின் எண்களுக்குப் பக்கத்தில் அதையும் வைப்பதாக இருக்கிறேன், அவரும் ஒப்புக்கொண்டார்.

பொருளியல், சட்டம், புள்ளியியல் துறை நண்பர்கள் மாறுபடும் இடங்களைச் சுட்டினால் மகிழ்வேன். விடுதிகளில் இப்படி அட்டவணையோடு வரும் தம்பி தங்கையரைக் கண்டால், அறிவுரைக்கு முன் அந்தப் பக்கத்துப் பத்தியை நிரப்பச் சொல்லுங்கள்.